எதிர் அறையில் அண்ணன்

லொசலினேவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று என்னிடம் முதலில் சொன்னவள் பிலிப்பா. மாங்கெரேயில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற முதியோர் இல்லத்துக்கு மேலாளர் அவள். சின்ன வயது, நல்ல மனசுக்காரி, டோங்கா தீவுகளிலிருந்து பிழைக்க வந்த எங்களைப் பார்த்தால் எங்கள் மொழியில் வணக்கம் சொல்லுவாள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. கெட்டவர்களைச் சமாளித்து எங்களுக்குப் பழக்கம்.

"குளிக்க மாட்டேங்கிறாங்க. சாப்பாட்டு அறைக்கு வர மாட்டேங்கிறாங்க. நேத்து ஒரு நர்ஸ் கையைக் கடிச்சிட்டாங்க," என்றாள். "நீங்க அவங்களுக்கு ரொம்ப நாள் தோழி, அதான் சொல்றேன். வெள்ளிக்கிழமை டாக்டர் வரார். ரோஜாத் தோட்டத்துக்கு மாத்தலாமான்னு பேசப் போறோம்."

ரோஜாத் தோட்டம் என்பது அந்த இல்லத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் பகுதி. ஒரு ரோஜாவும் கிடையாது. மறதி நோய் முற்றியவர்களை வைத்துப் பூட்டுகிற இடம். எண்களை அழுத்தினால்தான் கதவு திறக்கும். உள்ளே போனவர்கள் அதற்குப் பிறகு தேவாலயத்துக்கும் வருவதில்லை, கல்யாணம் காட்சிக்கும் வருவதில்லை. அங்கேதான் லொசலினேயைப் போடப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்து அந்தக் கட்டடத்தில் சம்பளம் வாங்குகிறவர்களையும் சேர்த்தே அவளைவிடத் தெளிந்த புத்தி யாருக்கும் கிடையாது.

அவளை எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தெரியும். டோங்காவில் ஹாபாய் தீவுக்காரி. வாட்டசாட்டமான உடம்பு, தெருமுனைக்குக் கேட்கிற சிரிப்பு. துணி மடிக்கிற மேசைக்கு அவள்தான் தலைவி. கம்பெனி அவளை அப்படி நியமிக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். விசா முடிந்தவர்களைத் தேடிப் போலீஸ் விடியற்காலையில் எங்கள் வீடுகளைத் தட்டிய காலத்தில் அவள் வீட்டையும் தட்டினார்கள். இரவு உடையோடு வாசலில் நின்றுகொண்டு, "பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வாங்க, இது ஜெபம் பண்ற வீடு," என்றிருக்கிறாள். இரண்டு போலீஸ்காரர்களும் குனிந்து கயிற்றை அவிழ்த்து முடிப்பதற்குள், விசா முடிந்து உள்ளே படுத்திருந்த பையன்கள் பின்வேலியைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

புருஷன் ஃபீலிமோனே கிடங்கில் பளு தூக்கும் வண்டி ஓட்டினார். அவர் பேசி நான் கேட்டது குறைவு. வீட்டில் இரண்டு பேருக்கான பேச்சையும் அவளே பேசிவிடுவாள். வெள்ளிக்கிழமை தம்போலாவில் ஆறு சீட்டை ஒன்றாக வைத்து ஆடுவாள், தோற்றால் எண் கூப்பிடுகிறவனைத் திட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் அதே வாயால் பாடுவாள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் என்னை "சுலியேதி" என்று முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ கோபம் என்று அர்த்தம், மற்றபடி வாடி போடிதான்.

ஃபீலிமோனே போய்ச் சில வருடங்களில் அவளுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. ஒரே மகள் லெசியேலி இரண்டு வேலை பார்க்கிறாள், குடியிருப்பது மாடியில், லிஃப்ட் கிடையாது. அம்மாவை இல்லத்தில் சேர்த்த அன்று லெசியேலி என் தோளில் சாய்ந்து அழுதாள். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். பேசினவர்களில் ஒருத்தர்கூட ஒரு நாள் வந்து தூக்கிக் குளிப்பாட்டவில்லை, அது வேறு.

ஆனால் லொசலினே அங்கேயும் தன் கொடியை நட்டுவிட்டாள். சாப்பாட்டு அறையில் ஜன்னலோர மேசை அவளுடையது. டன்கன் என்று ஒரு ஸ்காட்லாந்துக் கிழவரோடு ரக்பி பார்த்துச் சண்டை போடுவாள். மாதம் ஒரு முறை 'தீவு நாள்' என்று ஒன்று கொண்டாடுவார்கள். எங்களில் யார் எந்தத் தீவு என்று அவர்களுக்கு அக்கறை கிடையாது. எல்லார் காதிலும் ஒரு பிளாஸ்டிக் பூவைச் செருகி, குக் தீவுப் பாட்டைப் போட்டு, வேகாத சேம்பங்கிழங்கை வைப்பார்கள். அவள் அதை முள்கரண்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "டன்கன், இதால உங்க ஊர்ல வீடு கட்டலாம்," என்பாள். அந்த அளவுக்கு நன்றாக இருந்தாள்.

அப்போதுதான் சதேக்கி வந்தார்.

சதேக்கி அவளுடைய தாய்மாமன் மகன். எங்களுக்கு மாமன் மகன், பெரியப்பா மகன் என்ற பிரிவெல்லாம் இல்லை. எல்லாரும் கூடப்பிறந்த அண்ணன் தம்பிதான். அண்ணன் என்றால் தங்கை இருக்கிற அறையில் அவர் இருக்க மாட்டார். அவள் படுக்கிற கூரையின் கீழ் படுக்க மாட்டார். அவள் உடம்பைப் பற்றி, துணியைப் பற்றி, அவர் காதில் ஒரு சொல் விழக் கூடாது. தங்கைதான் உயர்ந்தவள், ஒதுங்க வேண்டியது அவர். சதேக்கி இந்த நாட்டுக்கு வந்த புதிதில் லொசலினே வீட்டில்தான் தங்கினார். தங்கினார் என்றால், குளிர்காலம் முழுக்கக் கார் கொட்டகையில் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே படுத்துக் கிடந்தார். வீட்டுக் குளியலறையை ஒரு நாளும் தொடவில்லை. பின்னால் தகரத்தை வளைத்து ஒரு மறைப்புக் கட்டிக்கொண்டார். சம்பளம் வாங்கியதும் முதல் மீனை வாங்கி அவள் வாசற்படியில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் போய்விடுவார். ஐம்பது வருடமாக இரண்டு பேரும் ஒரே ஊரில் இருந்தார்கள். அவரைப் போல அவளை மதித்த ஆள் இல்லை. அவர்கள் நேருக்கு நேர் நின்று பேசி நான் பார்த்ததில்லை.

அவருக்குக் கால் போனது. மனைவி முன்பே போய்விட்டாள். மகன் இரவு வேலை பார்க்கிறவன். பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இந்த இல்லத்துக்குப் பக்கத்தில் என்பதால் இங்கே சேர்த்தார்கள். இருவரும் சொந்தம் என்று பிலிப்பாவுக்குத் தெரியவந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. லொசலினேயின் எதிர் அறை அப்போதுதான் காலியாகி இருந்தது. அதைப் பெருக்கி, வாசலில் ரிப்பன் கட்டி, "உங்க அண்ணன் உங்களுக்கு எதிர் ரூமுக்கே வரார். சந்தோஷமா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நன்றி," என்றாள் லொசலினே.

இதைத்தான் பிலிப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். "நாங்க கேட்டுத்தானே செஞ்சோம்." கேட்டாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒருத்தி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பரிசை நீட்டும்போது, வேண்டாம் என்று முகத்தில் அடிக்கிற டோங்காக்காரியை நான் இன்னும் சந்திக்கவில்லை. நாங்கள் வேண்டும் என்பதற்கும் சரி என்போம், வேண்டாம் என்பதற்கும் சரி என்போம். இரண்டாவது சரி கொஞ்சம் தாழ்ந்த குரலில் வரும். எங்கள் ஆளாக இருந்தால் அந்தக் குரலைக் கேட்டதுமே பரிசைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

மறுநாளே இரண்டு பேரையும் ஜன்னலோர மேசையில் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். லொசலினே தட்டைத் தொடவில்லை. சதேக்கி தலை நிமிரவில்லை. அடுத்த வேளையிலிருந்து இருவரும் அறையை விட்டு வரவில்லை. அவள் டன்கனோடு ரக்பி பார்க்கப் போகவில்லை, அந்தக் கூடத்தில் அண்ணன் வந்து உட்காரலாம். அவரும் போகவில்லை, தங்கை வரலாம். ஆளுக்கொரு அறையில் பட்டினி கிடந்தார்கள்.

குளியல்தான் எல்லாவற்றுக்கும் மேலே. குளியலறை நடைபாதைக் கோடியில். லொசலினே மேல் துண்டு ஒன்றைப் போர்த்தி, சக்கர நாற்காலியில் வைத்து, சதேக்கியின் வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். அவர் தன் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே விழுந்தால் தெரியாது என்று ஊழியர்கள் வந்து திறந்து வைப்பார்கள். சக்கரச் சத்தம் கேட்டாலே அவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவருக்கு மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். இவள் நாற்காலியில் ஏற மறுத்தாள், தூக்கியபோது கத்தினாள், கடித்தாள். நானாக இருந்தால் விரலைத் துண்டாக்கி இருப்பேன்.

பிலிப்பா சொன்ன அன்று நேரே லொசலினே அறைக்குப் போனேன். திரையை இழுத்துவிட்டு இருட்டில் கிடந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"எதுக்கு அக்கா வாயை மூடிட்டு கெடக்கறீங்க? ஒரு வார்த்தை சொன்னா ஆகாதா?"

"சத்தத்தைக் கொறடி. எதிர்ல இருக்கான்."

"இருக்கட்டும். உங்களைப் பைத்தியம்னு முடிவு கட்டப் போறாங்க."

"சொன்னா என்ன பண்ணுவாங்க? என்னையா மாத்துவாங்க? கடைசியா வந்தவன் அவன். அவனைத்தான் தூக்குவாங்க." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "சாயங்காலம் அந்தப் புள்ளைங்க வந்து கலகலன்னு பேசிட்டுப் போகுதுங்க. கதவு வழியா கேக்குது. அதை நான் கெடுக்கணுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேல் கொஞ்சம், அந்த இல்லத்தின் மேல் மீதி. லெசியேலியைப் பிடித்து உலுக்கினேன். அவள் பாவம், இங்கேயே பிறந்தவள், ஆனாலும் வழக்கம் தெரிந்தவள். ஏற்கெனவே பிலிப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள், எங்கள் வழக்கப்படி தாழ்ந்த குரலில்.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"'ஆனா அவங்க கசின்தானே'ங்கிறாங்க சித்தி. 'அதுவும் இந்த வயசுல'ங்கிறாங்க. உங்க வழக்கத்தை மதிக்கிறோம், வெள்ளிக்கிழமை எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசலாம்னு சொன்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன்."

தலையில் அடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை லொசலினே, உடுப்புக்கு மேலே சுற்றிக் கட்டுகிற இடுப்புப் பாயைக் கேட்டாள். மரியாதையான இடத்துக்கு அதைக் கட்டாமல் நாங்கள் போவதில்லை. அவள் அம்மா கட்டிய பாய், ஓரமெல்லாம் பிய்ந்திருக்கும், பிய்ந்திருந்தால்தான் மதிப்பு. காலில் தடுக்கிவிடும் என்று ஊழியப் பெண் அதைப் பிடுங்கப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் கையை எடுத்துவிட்டாள்.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். தீவு மக்கள் வட்டமாக உட்கார்ந்து பேசித்தான் எதையும் தீர்ப்பார்கள் என்று பிலிப்பா எங்கேயோ படித்திருக்கிறாள். டாக்டர், பிலிப்பா, லெசியேலி, நான், சக்கர நாற்காலியில் லொசலினே. ஒரு இடம் காலியாக இருந்தது. அது எதற்கு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. டாக்டர் பேசத் தொடங்கிய பிறகு கதவு திறந்தது. ஒரு ஊழியன் சதேக்கியைத் தள்ளிக்கொண்டு வந்து, லொசலினேயின் முட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, பிரேக்கைப் போட்டான். கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

"குடும்பம் முழுக்க இருந்தா அவங்களுக்குத் தெம்பா இருக்கும்," என்றாள் பிலிப்பா.

டாக்டர் தலை நிமிராமல் படித்துக்கொண்டே போனார். "சிறுநீர் போறது தெரியுதா? உள்ளாடை மாத்தறப்போ எதிர்ப்பு இருக்கா? கீழ்ப்பகுதியைக் கழுவ விடறதில்லைன்னு போட்டிருக்கே..."

"டாக்டர், நிறுத்துங்க," என்றேன்.

"உங்க கேள்வியெல்லாம் கடைசியில கேக்கலாம்," என்றார்.

"நிறுத்துங்கன்னு சொல்றேன். முதல்ல அந்த மனுஷனை வெளிய கொண்டு போங்க."

லொசலினே இடுப்புப் பாயைப் பிய்த்து இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்து டாக்டர் ஏதோ குறித்துக்கொண்டார். சதேக்கி பிரேக்கைத் தேடினார், அது எட்டவில்லை. "என்னை வெளிய விடுங்க," என்று எங்கள் மொழியில் முணுமுணுத்தார். பிலிப்பா அவர் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள். அந்தக் கையை உதறிவிட்டு அவர் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தார். நாற்பது வருடம் எங்கள் சபையில் பிரசங்கம் செய்தவர். வட்டத்தின் நடுவே, கார்ப்பெட் மேல், முழங்கையை ஊன்றித் தவழ்ந்து கதவை நோக்கிப் போனார். கைப்பிடி எட்டவில்லை. கதவடியில் முகத்தை வைத்துக்கொண்டு, உள்ளேயிருந்தபடியே முஷ்டியால் தட்டினார்.

"விழுந்துட்டாரு, விழுந்துட்டாரு," என்று பிலிப்பா ஓடினாள். நான்தான் அவளைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன். அதற்குப் பிறகு அந்த அறையில் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. இங்கிலீஷில் எனக்குத் தெரிந்த அசிங்கமெல்லாம் சலவைக்கூடத்தில் கற்றுக்கொண்டது, அன்றைக்கு மொத்தமும் பயன்பட்டது. பிலிப்பா அழுதாள். அவள் அழுததில் எனக்கு இன்னும் கோபம் வந்தது, ஏனென்றால் லெசியேலி உடனே எழுந்து அவளுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனாள்.

அன்று சாயங்காலமே சதேக்கி தன் மகனைக் கூப்பிட்டு, இங்கே இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேறு இல்லங்களில் காலி இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, துறைமுகப் பாலத்தைத் தாண்டி வடக்கே எங்கேயோ. இரண்டு பஸ் மாற வேண்டும். பேரப்பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு வந்தால் உண்டு. இந்த இல்லத்துக்குள்ளேயே வேறு வழி இல்லையா என்று லெசியேலி கெஞ்சினாள். வேளை மாற்றிச் சாப்பாடு போடச் சமையற்கட்டு ஒத்துக்கொள்ளாது. குளியலறைக்கு வேறு வழி கிடையாது. எல்லா அறையும் நிறைந்திருக்கிறது, ரோஜாத் தோட்டத்தைத் தவிர.

நான் போனபோது லொசலினே திரையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். வாரக்கணக்கில் அவளை அப்படிப் பார்க்கவில்லை.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் போனா ரெண்டு மாசம் தாங்க மாட்டான்," என்றாள். "அவன் பேசற இங்கிலீஷ் அவனுக்கே புரியாது."

"அதுக்கு நாம என்ன பண்றது?"

"அந்த மேற்குப் பக்கத்துல எடம் இருக்காமே."

"அக்கா, அது புத்தி போனவங்களுக்கு."

"தெரியுதுடி. அதுக்கு என்ன பாஸ் மார்க்கு? எத்தனை தப்பு சொன்னா உள்ள விடுவான்?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. திட்டினேன், கையைப் பிடித்துக் கெஞ்சினேன், டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன்.

"சுலியேதி," என்றாள். "சொன்னே, நான் செத்தா என் பொணத்துக்குக் கூட நீ வரக் கூடாது. லெசியேலி வாயைக் கட்டிட்டேன். உன் வாய்தான் ஓட்டை. அவன் காதுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா தவழ்ந்தாவது வெளிய போயிடுவான், நீ பாத்தேல்ல."

அடுத்த வாரம் டாக்டர் திரும்பி வந்தார். போன தடவை நடந்ததற்குப் பரிகாரமாக, இந்தத் தடவை 'அவங்க மொழியிலேயே' பதில் சொல்லலாம் என்றார்கள். ஐம்பது வருடம் இந்த ஊர் சூப்பர்வைசர்களை இங்கிலீஷில் கிழித்தவளுக்கு மொழிபெயர்க்க என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

"இது என்ன மாசம்?" என்றார் டாக்டர், செவிடருக்குச் சொல்வது போல.

"பன்னி குட்டி போடற மாசம்னு சொல்லு."

சொன்னேன்.

"இந்த நாட்டுப் பிரதமர் யார்?"

"எம் புருஷன். இப்பதான் வேலைக்குப் போனாரு, வர நேரமாகும்னு சொல்லு."

"நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிச்சுச் சொல்ல முடியுமா?"

ஆறு தம்போலா சீட்டை ஒரே பார்வையில் பார்க்கிறவள், டாக்டரை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த ஆளுக்குக் கணக்கு வராதா, என்னைக் கேக்கறான்? ம், இதை மட்டும் சொல்லாதே. எனக்கு அழுகை வருதுன்னு சொல்லு." பிறகு உண்மையாகவே அழுதாள். அழ ஆரம்பித்ததும் அவளால் நிறுத்த முடியவில்லை. டாக்டர் பரிவோடு தலையாட்டினார். லெசியேலி எழுந்து வெளியே போய்விட்டாள். எனக்கு அந்த மேசையைப் புரட்டிப் போட வேண்டும் போல இருந்தது. நான் ஒவ்வொரு பொய்யையும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன்.

இரண்டு நாளில் லொசலினேயை ரோஜாத் தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள், சதேக்கி வடக்கே போக வேண்டியிருக்கவில்லை. குடும்பத்தின் குரலைக் கேட்டு, வழக்கத்தை மதித்து, பிரச்சினையைத் தீர்த்ததாகப் பிலிப்பா எங்கேயோ மேடையில் பேசிவிட்டு வந்தாள். என்னையும் வந்து பேசச் சொன்னாள். நான் போயிருந்தால் போலீஸ் வந்திருக்கும்.

ரோஜாத் தோட்டத்தில் ஒரு பெண் நாள் முழுக்க லொசலினேயை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வருகிறாள். ஒருத்தர் அவள் செருப்பை ஒளித்து வைக்கிறார். ஒரு நாள் அவள் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். பேச ஆள் இல்லை. டன்கனை உள்ளே விட மாட்டார்கள். பாடகர் குழுவுக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டேன், இந்த நிலையில் வெளிக்கூட்டம் அவர்களைக் குழப்பும் என்றார்கள். முன்பெல்லாம் என்னைக் கண்டதும் ஊர்வம்பு கேட்பாள். போன தடவை கேட்கவில்லை. நான் சொன்னதையும் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். நடிப்பா என்று கேட்டேன்.

"எது?" என்றாள்.

எண்களை அழுத்திக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். முன்கூடத்தில் சதேக்கி உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் சதை வைத்திருந்தது. பக்கத்தில் இரண்டு பேரப்பிள்ளைகள் சட்டை பறக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் கையசைத்துக் கூப்பிட்டார்.

"அங்கேர்ந்தா வரே? எல்லாம் சௌகரியமா இருக்கா அங்க?" தங்கையின் பெயரைச் சொல்லாமல்தான் கேட்டார்.

"இருக்கு ஐயா."

"நான் இவங்களைத் தப்பா நினைச்சுட்டேன், சுலியேதி. அன்னிக்கு அப்படி நடந்துச்சேன்னு மனசு ஆறல. ஆனா பாரு, அவளுக்குன்னு தனி வீடே ஒதுக்கிட்டாங்க. ரோஜாத் தோட்டமாம்." குரலைத் தாழ்த்தினார். "வாசல்ல பூட்டு கூடப் போட்டிருக்காங்கன்னு சொன்னாங்க. எதுக்குங்கிறே? நான் தப்பித் தவறி அந்தப் பக்கம் போயிடக் கூடாதுன்னு. நம்ம ஊர்ல கூட ஒரு தங்கச்சிக்கு இவ்வளவு மரியாதை பண்ண மாட்டாங்க. தெனமும் இவங்களுக்காக ஜெபம் பண்றேன்."

பிலிப்பா அந்த வழியாக வந்தாள். அவர் எட்டி அவள் கையைப் பிடித்து, எங்கள் மொழியில் நீளமாக நன்றி சொன்னார். அவளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டாள்.